புல்லட் ஓதிக்கொடுத்த உஸூல்

இயந்திரப் பட்டறைக்கும் இல்முக்கும் என்ன உறவு என்று எவரேனும் நம்மைக் கேட்டிருப்பின், சென்ற ஆண்டுவரை 'யாதொன்றும் இல்லை' என்றே விடையிறுத்திருப்போம். முப்பதாண்டுக் காலமாக மாணவர்க்கு உஸூலுல் ஃபிக்ஹு எனும் சட்டமூலக் கலையை ஓதிக்கொடுத்து வருகிறோம். அக்கலையின் ஒரு பாடத்தை, எண்ணெய்க் கறை படிந்த கரங்களையுடைய முதியவர் ஒருவரிடம் ஒரகடத்துச் சாலையோரத்தில் மீண்டும் ஓத வேண்டியதாயிற்று. அப்பாடத்தை நூலில் நன்கறிந்திருந்தும் சொந்த வீட்டினுள் அதைக் கைவிட்டு, ஓர் இளைஞனின் உள்ளத்தைப் புண்படுத்தியிருந்தோம். இவ்விரண்டையும் ஒளிக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மிடம் உள்ளது 1987-ஆம் ஆண்டில் உருவான புல்லட் வண்டி. 350 என்று வழங்கினும் அதன் ஒற்றை உருளையின் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். நம் தகப்பனார் ஓட்டியது. அவர்கள் மறைவுக்குப்பின் நம் கைக்கு வந்தது. இங்கிலாந்தில் பிறந்த இவ்வகை வண்டியை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1955-இல் கூட்டு முயற்சியாக நம் மண்ணுக்குக் கொணர்ந்தனர். திருவொற்றியூர்த் தொழிற்சாலையே நெடுங்காலம் அதன் தாய்வீடு. பின்னர் 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் அதற்கணித்தான வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் எழுந்தன. திருவொற்றியூரில் பிறந்த நம் கிழவண்டி, தன் பேரப்பிள்ளைகள் பிறக்கும் வாயில்களைக் கடந்து அன்றாடம் ஓடுகிறது.

இவ்வட்டாரத்தை முன்பு கண்டவர்கள் இன்று அடையாளம் காண்பது அரிது. இராமாநுசர் பிறந்த ஊர் என்று உலகறிந்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி, ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் விரிந்து கிடந்தன. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்தது. 2010-ஐ ஒட்டி ஒரகடத்தில் கார், லாரி, டயர் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் நிமிர்ந்தன. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வரும் சாலையும் கூடும் ஒரகடம் சந்திப்பில், பணிமுறை மாறும் வேளைகளில் கம்பெனிப் பேருந்துகள் சங்கிலிபோல் தொடரும். நம் தமக்கையின் மகனும் அப்பேருந்துகளில் ஒன்றில் ஏறி இறங்குபவனே. ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வெள்ளிக்கிழமைகளில் விடுப்போ இரவுப்பணியோ வாய்த்தால் ஜும்ஆ தொழுதுவிட்டு நம் வீட்டில் உணவருந்துவது அவன் வழக்கம்.

ஒருநாள் இரவு அவனுக்குப் பேருந்து தவறிவிட்டது. பதற்றத்துடன் வந்து வண்டியைக் கேட்டான், கொடுத்தோம். மறுநாள் சுபுஹு தொழுகைக்குப்பின் கொணர்ந்து நிறுத்திச் சாவியைத் தந்துவிட்டுப் போனான். அதற்கடுத்த நாள் அஸர் வேளையில் பள்ளிவாசலை அணுகி, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தினோம். சைலன்சரிலிருந்து துப்பாக்கி வெடித்தாற்போல் இரண்டு முழக்கம்! ஹவுளில் ஒளூச் செய்துகொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினர். நாணத்தால் நம் தலை தாழ்ந்தது. அந்நாணம் பள்ளிவாசற்படி ஏறுமுன்பே சினமாகியது. அச்சினம் தனக்கோர் ஆளையும் கண்டுகொண்டது.

அந்த வெள்ளிக்கிழமை, உணவு விரிப்பில் வீட்டார் அனைவரும் கூடியிருக்க, "இரவெல்லாம் வண்டியை முறுக்கி ஓட்டி எஞ்சினைக் கெடுத்துவிட்டாய். இரவல் வாங்கிய பொருள் அமானிதம் என்பது தெரியாதா?" என்று கேட்டோம். "இல்ல மாமா, மெதுவாத்தான் போனேன். அன்னைக்கு..." என்று தொடங்கினான். "போதும்" என்றோம். அவன் வாய்மூடினான். பாதி உணவோடு கைகழுவி எழுந்தான். அடுத்த ஐந்து வெள்ளிக்கிழமைகளில் அவன் வரவில்லை. பணிமுறை மாறியிருக்கும் என்று நமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொண்டோம்.

வண்டியை ஒரு பட்டறையில் விட்டோம். அவர்கள் பிளக், காயில், கன்டென்சர், பாயிண்ட் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றினர். நான்காயிரம் ரூபாய் செலவாயிற்று. வெடிச்சத்தம் அப்படியே இருந்தது. எதை மாற்றியதால் என்ன நேர்ந்தது என்று கேட்டோம். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிவிட்டதால் அவர்களாலும் பதில் கூற இயலவில்லை.

அதன்பின்னரே நண்பர் ஒருவர் ஒரகடத்து முதியவரிடம் அனுப்பினார். நம்மினும் பத்தாண்டு மூத்தவர். தகரக் கூரை, ஒரு மரப்பெட்டி, ஒரு முக்காலி. இவையே அவருடைய பட்டறை. நாம் சென்றதும் அவர் ஸ்பானரைத் தொடவில்லை. முக்காலியை நமக்குத் தந்துவிட்டுக் கேள்விகளைத் தொடுத்தார்.

"எங்க அடிக்குது பாய்? கார்புரேட்டர்லயா, சைலன்சர்லயா?"

அவ்விரண்டுக்கும் வேற்றுமை உண்டென்பதே நமக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் விளக்கியதை நம் நடையில் கூறுவோம். இவ்வகை எஞ்சினில் நான்கு அசைவுகள்: பெட்ரோல் கலந்த காற்றை உள்ளிழுத்தல், அதை அழுத்துதல், பொறிபட்டு எரிந்து தள்ளுதல், புகையை வெளியேற்றுதல். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று மிஞ்சினாலோ, பொறி பருவம் தவறினாலோ, வால்வு சரியாக மூடாவிட்டாலோ ஒழுங்கு குலையும். உள்வாயில் திறந்திருக்கையில் தீ பின்னோக்கிப் பாய்ந்தால் கார்புரேட்டரில் வெடிக்கும். எரியாத கலவை புகைவழியே சென்று, சூடேறிய சைலன்சருக்குள் தீப்பற்றினால் அங்கே வெடிக்கும். ஓசை இரண்டுக்கும் ஒன்றுபோல் தோன்றலாம், நோய் வேறு.

"முறுக்கும்போதா, விடும்போதா? காலையில எடுத்த உடனேயா, சூடானப்புறமா?" என்று தொடர்ந்தார். சைலன்சரில், ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துகையில், சூடேறிய பின்பு என்றோம். தலையசைத்தார்.

"கடைசியா வண்டியில யாரு கை வச்சது?"

"தமக்கையின் மகன் ஓர் இரவு ஓட்டினான்" என்று உடனே கூறினோம்.

"ஓட்டுனது யாருன்னு கேக்கல பாய். ஸ்பானர் வச்சது யாரு?"

பட்டறைக்காரர்களைக் கூறினோம். "அதுக்கு முன்னால?" என்றார். சற்றே எண்ணிப்பார்த்தோம். பெட்ரோல் கசிகிறதென்று ஒரு மாதம் முன்பு கார்புரேட்டரை நாமே கழற்றித் துடைத்து மாட்டியது நினைவுக்கு வந்தது. தயக்கத்துடன் கூறினோம். அவர் நம்மைக் குற்றம் சாட்டவுமில்லை. அப்போதே கார்புரேட்டரைக் கழற்றவுமில்லை. "சரி, வரிசையாப் பாப்போம்" என்றார்.

அந்த வரிசையை நாம் மறக்கமாட்டோம். முதலில் பிளக்கைக் கழற்றினார். கறுத்திருந்தால் பெட்ரோல் மிகை. வெளுத்திருந்தால் காற்று மிகை. நம்முடையது வெளுத்திருந்தது. 'பெட்ரோல் மிகை' எனும் ஐயம் நீங்கியது. பிளக்கை எஞ்சின்மீது சாய்த்துக் கிக்கரை உதைத்தார், நீலப்பொறி தெறித்தது. பொறியில் வலுக்குறைவு எனும் ஐயமும் நீங்கியது. பாயிண்டின் இடைவெளியை மெல்லிய தகட்டால் அளந்தார், அது 0.4 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருந்தது. பழைய புல்லட்டில் விளக்கின் மேலுள்ள அம்ப்மீட்டர் முள்ளே ஒரு சாட்சி: பாயிண்ட் மூடியிருக்கையில் முள் ஒருபுறம் சாயும், திறந்ததும் நடுவில் வந்து நிற்கும். அதைக் கொண்டு பொறி பிறக்கும் பருவத்தைச் சோதித்தார், பிழையில்லை. எஞ்சின் ஆறிய பின்பு டேப்பெட் மூடியைத் திறந்து, தள்ளுகம்பிகளை விரலால் உருட்டினார். இறுக்கமின்றி உருண்டன, ஆகவே வால்வுகள் ஒழுங்காக மூடுகின்றன. புகைக்குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில் கரிக்கோடு உண்டா என்று நோக்கினார். சிறிதிருந்தது, இறுக்கினார். வண்டியை ஓட்டிச் சூடேற்றி வந்தார். வெடித்தது. அதுவும் நீங்கியது.

நாம் படித்தறிந்த ஒரு செய்தியை இடையில் எடுத்துரைத்தோம். 2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. ஒரு கிலோ எத்தனால் எரிய ஏறக்குறைய 9 கிலோ காற்றே போதும். ஆகையால் பழைய கார்புரேட்டர்களில் காற்று சற்று மிகையாகிவிடும். இதுதான் நோயோ என்றோம். முதியவர் சிரித்தார். "அது எல்லா வண்டிக்கும்தான் பாய். இந்த ரோட்டுல பழைய புல்லட்டு எத்தனை ஓடுது! உங்க வண்டி மட்டும் ஒருநாள் திடீர்னு ஏன் அடிக்கணும்?" அனைவர்க்கும் பொதுவானது ஒருவர்க்கு மட்டும் நேர்ந்ததற்குக் காரணமாகாது என்பதை இதனினும் தெளிவாக எந்த உஸ்தாதும் கூறக் கேட்டிலோம்.

எஞ்சியது ஒன்றே. வேண்டாத காற்று எங்கோ ஒரு வழியில் உட்புகுகிறது. எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, சலவைக்காரர் பயன்படுத்தும் தெளிப்புக் குப்பியால், கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடுக்கில் தண்ணீரைத் தெளித்தார். எஞ்சினின் ஓசை உடனே மாறியது. ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டார், வெடிக்கவில்லை. ஈரம் உலரும்வரை காத்திருந்தார்; மீண்டும் வெடித்தது. மூன்று முறை தெளித்தார். மூன்று முறையும் அடங்கியது. மூன்று முறை உலர்ந்தது. மூன்று முறையும் வெடித்தது.

அதன் பின்னரே கார்புரேட்டரைக் கழற்றினார். அதன் தட்டை முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துக் காட்டினார். முகம் வளைந்து, இடையில் ஒளி தெரிந்தது. "ரெண்டு நட்டையும் அளவுக்கு மீறி முறுக்கி இருக்கீங்க. அலுமினியம் வளைஞ்சிருச்சு. பேக்கிங் கொஞ்ச நாள் தாங்கும். சூட்டுல அதுவும் விட்டுப்போச்சு." கண்ணாடியின்மேல் நயமான உப்புத்தாளை விரித்து, முகம் சமமாகும்வரை தேய்த்தார். புதிய பேக்கிங் வைத்து, இரு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினார். வெடி நின்றது.

கசிவை அடைக்கவேண்டும் எனும் ஆர்வத்தில் பலங்கொண்டமட்டும் நட்டை முறுக்கிய கை எது என்று நாம் வாசகர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு சொல்லே சுழன்றது: 'இல்லத்'. தமிழின் இல்லம் அன்று, அரபுச்சொல். அதற்கு நோய் என்பது ஒரு பொருள். காரணம் என்பது மற்றொரு பொருள். இலக்கணத்தார் அலிஃப், வாவ், யா எனும் மூன்றையும் இல்லத்துடைய எழுத்துகள் என்பர். ஹதீஸ் கலையினர் வெளிக்குச் சரியாகத் தோன்றும் அறிவிப்பில் உள்ளே மறைந்திருக்கும் குறையை இல்லத் என்பர். சட்டமூலக் கலையினர் ஒரு விதிக்கு அடிப்படையான காரணத்தை இல்லத் என்பர். நம் வள்ளுவரும் மருந்து எனும் 95-ஆம் அதிகாரத்தில், நோயை அறிந்தபின் அதன் முதலையும் தேடுமாறு மருத்துவனைப் பணிக்கிறார். நோய், நோய்முதல் எனத் தமிழில் இரண்டாக நிற்பவற்றை அரபு ஒரே சொல்லில் அடக்கிவிட்டது.

அந்த இல்லத்தைக் கண்டறிய நம் முன்னோர் வகுத்த வழிகளுள் ஒன்று 'ஸப்ர், தக்ஸீம்'. இந்த ஸப்ர், 'ஸாத்' எழுத்தால் தொடங்கும் பொறுமை அன்று. 'ஸீன்' எழுத்தால் தொடங்குவது. காயத்தின் ஆழத்தைத் துழாவி அளப்பது அதன் மூலப்பொருள். தக்ஸீம் என்பது பகுத்தல். காரணமாக இருக்கக்கூடிய அனைத்தையும் பகுத்து வைத்து, ஒவ்வொன்றாகத் துழாவி, பொருந்தாதவற்றை நீக்கி, எஞ்சியதைக் கொள்ளவேண்டும். மது விலக்கப்பட்டது எதனால்? திரவம் என்பதாலா? தண்ணீரும் திரவமே. சிவப்பு நிறத்தாலா? நிறம் சிவந்த ஆகுமான பானங்கள் உண்டு. திராட்சையிலிருந்து வந்ததாலா? திராட்சைச் சாறு ஆகுமானதே. எஞ்சுவது போதை. இதனை உறுதிப்படுத்தும் மற்றொரு வழி 'தவரான்': காரணம் வந்தால் விதி வரும், போனால் போகும். சாற்றில் போதையில்லை, தடையில்லை. மதுவில் போதை வந்தது, தடை வந்தது. அதுவே காடியாக மாறிப் போதை நீங்கியதும் தடையும் நீங்கியது. இப்பாடத்தை எத்தனை ஆண்டுகள் ஓதிக்கொடுத்திருக்கிறோம்! முதியவர் தண்ணீர் தெளித்ததும் உலரவிட்டதும் தவரான் அன்றி வேறென்ன?

நாமோ வீட்டில் பகுக்கவில்லை, துழாவவில்லை. 'அவன் ஓட்டினான், பின்பு வெடித்தது. ஆகவே அவனால் வெடித்தது' என்று ஒரே தாவலில் தீர்ப்பளித்தோம். ஒன்று மற்றொன்றுக்கு முன்னே நிகழ்ந்தது என்பதாலேயே அது காரணமாகிவிடாது என்று முதலாண்டு மாணவனும் அறிவான். பொறுப்பு நிறுவப்படாதவரை ஒருவர் பொறுப்பினின்று நீங்கியவரே என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அல்ஹுஜுராத் அத்தியாயம் செய்தியைத் தீர விசாரிக்கவும், ஊகங்களை விட்டு விலகவும் நம்மைப் பணிக்கிறது. இவையாவும் நாவில் இருந்தன. உணவு விரிப்பில் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அன்று மஃரிபு தொழுதுவிட்டு வல்லத்துக்குச் சென்றோம். ஓர் அறையில் அறுவர் தங்கியிருந்தனர். ஒருவர் பணிக்குப் புறப்பட, மற்றொருவர் வந்து அதே பாயில் படுக்கும் இடம். நம் தமக்கையின் மகன் சீருடையைக் களைந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் பதறி, "அம்மாவுக்கு ஏதும் உடம்பு முடியலையா மாமா?" என்றான். நாம் அவ்வறைக்கு ஒருமுறையும் சென்றதில்லை. ஆகையால் துயரச் செய்திக்கே வந்திருப்போம் என்று கருதினான். அக்கேள்வி நம்மைச் சுட்டது.

கார்புரேட்டரின் வளைந்த முகத்தையும், அதை வளைத்த கையையும் பற்றிக் கூறினோம். அறைத் தோழர்கள் கேட்கவே கூறினோம்; குற்றஞ்சாட்டியது பலர்முன் எனில் மன்னிப்பு மட்டும் தனிமையில் கேட்பது நீதியாகாது. அவன் தலைகுனிந்து கேட்டான். பிறகு மெல்லச் சொன்னான்:

"அன்னைக்கு உங்க தெரு முனையில திரும்பும்போதே லேசா ஒருதரம் அடிச்சுது மாமா. கார்புரேட்டர்கிட்ட 'உஸ்'னு ஒரு சத்தமும் வந்துச்சு. எங்க கம்பெனியில காத்துக் கசியுதான்னு பாக்குற வேலைதான் எனக்கு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்."

நாம் வாயடைத்து நின்றோம். நோயின் முதலை அறிந்தவன் நம் விரிப்பிலேயே அமர்ந்திருந்தான், கூறவும் தொடங்கினான். 'போதும்' என்ற ஒரு சொல்லால் நாம் அச்சாட்சியத்தை அடைத்துவிட்டோம். நான்காயிரம் ரூபாய் போனதன்றி, ஐந்து வெள்ளிக்கிழமைகளும் போயின. முந்தைய இழப்பு பெரிதன்று. காரணத்தைத் தேடுமுன் குற்றவாளியைத் தேடுபவர், காரணத்தைக் காட்டக்கூடிய வாயையே முதலில் மூடிவிடுகிறார் என்பதை அவ்வறையில்தான் விளங்கிக்கொண்டோம்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வண்டிகளில், காற்றையும் பெட்ரோலையும் அளக்கும் உணரிகளும் சிறு கணிப்பொறியும் உள்ளன. கோளாறு நேர்ந்தால் பட்டறையில் ஒரு கருவியைச் செருகிக் குறியெண்ணைப் படித்துவிடலாம். அங்கும் குறியெண் திசையைக் காட்டும். காரணத்தை மனிதனே தேடவேண்டும். நம் பிள்ளைகளுக்கும் மனைவியர்க்கும் உடன்பிறந்தார்க்கும் அத்தகைய செருகுமுனை ஏதுமில்லை. மகன் மதிப்பெண் குறைந்து வருகிறான். மகள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள். கடைக் கணக்கு உதைக்கிறது. உடனே கைப்பேசியென்றோ, தோழமையென்றோ, வேலையாள் என்றோ தீர்ப்பளித்துவிடுகிறோம். 'எப்போது? எங்கே? அதற்கு முன் என்ன நடந்தது?' என்று முக்காலியைத் தந்து கேட்பவர் நம்முள் எத்தனை பேர்?

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வந்தான். உணவுக்குப்பின் வண்டியைத் தெருமுனைவரை ஓட்டித் திரும்பி, "இப்ப அடிக்கல மாமா" என்று சாவியை நீட்டினான். இரவுப்பணி வாரங்களில் அச்சாவி அவனிடமே இருக்கட்டும் என்றோம்.

இல்லத்தின் பாடம் வரும்போதெல்லாம், மதுவின் எடுத்துக்காட்டோடு ஒரகடத்து முதியவரின் கேள்வியையும் இப்பொழுது மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறோம்: ஓட்டியது யார் என்பதல்ல, ஸ்பானர் வைத்தது யார்? அக்கேள்வியை முதலில் தம் கையைப் பார்த்துக் கேட்கும்படியும் சொல்கிறோம். தீர விசாரிக்கும் பொறுமையையும், பிறர் வாய்திறக்க இடங்கொடுக்கும் பண்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் நல்கியருள்வானாக. ஆமீன்.